ஒரு பலூனின் ஐந்தொகை

ஊதாத பலூன் ஒன்றைத் தராசில் வைத்தால் ஏறக்குறைய 3 கிராம் காட்டும். அந்த 3 கிராம் இறப்பருக்குள் எத்தனை இலத்திரன்கள்? 1 போட்டு, அதற்குப் பின்னால் 24 பூச்சியங்கள் போடவேண்டும். அவை அத்தனையும் சேர்ந்து சுமக்கும் மறை ஏற்றம் சுமார் 1,62,000 கூலோம். அதே இறப்பரின் அணுக்கருக்களில் இருக்கும் புரோத்தன்களின் நேர் ஏற்றமும் 1,62,000 கூலோம். மீதி பூச்சியம்.

இனிப் பலூனை ஊதி, எண்ணெய் வைக்காத காய்ந்த தலைமுடியில் நன்றாகத் தேய்ப்போம். முடியிலிருந்து கொஞ்சம் இலத்திரன் பலூனுக்கு வருகிறது. அந்த வரவு 0.2 மைக்ரோகூலோம் என்று இப்போதைக்கு எழுதிக்கொள்ளுங்கள். அதை எப்படி அளப்பது என்பதைக் கீழே சொல்கிறேன். எண்ணிக்கையில் அது ஒன்றேகால் இலட்சம் கோடி இலத்திரன்கள். கேட்கப் பெரிய தொகைதான். பழைய இருப்போடு வைத்துப் பார்த்தால், 80,000 கோடி இலத்திரனுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் கூடியிருக்கிறது. நிலைமின்னியல் என்று உயர்தர வகுப்பில் படிப்பதெல்லாம் இந்தத் துளி மிகுதியைப் பற்றியது.

பூமியின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தெளிந்த வானத்தின் கீழ் நிலத்துக்கு அருகே மீற்றருக்குச் சுமார் 100 வோல்ற்று மின்புலம் எப்போதும் இருக்கிறது. அதிலிருந்து கணித்தால், பூமியின் முழு மேற்பரப்பிலும் கிடக்கும் மறை ஏற்ற மிகுதி 4.5 இலட்சம் கூலோம் அளவில் வருகிறது. மூன்று பலூன்களின் இறப்பரிலுள்ள மொத்த இலத்திரன்களின் ஏற்றம் இதைத் தாண்டிவிடும். உலகம் முழுவதற்கும் மிகுதி அவ்வளவுதான். ஒவ்வொரு பொருளுக்குள்ளும் நேரும் மறையும் எவ்வளவு கச்சிதமாகச் சமன்பட்டுக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல எண் எனக்குத் தெரியாது.

கீழே வரும் சோதனைகளுக்கான சாமான் அத்தனையும் எங்கள் பொத்துவில் கடைத்தெருவில் கிடைக்கும். பலூன் இரண்டு 40 ரூபாய். அரை அங்குல எஸ்லோன் பைப் ஒரு மீற்றர் வெட்டி வாங்க 150 ரூபாய் போல. சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாள் சுருள் ஒன்று 450 ரூபாய். தையல் நூல், போட்டோக்கொப்பித் தாள் எல்லாம் வீட்டிலேயே இருக்கும். ஆகமொத்தம் 640 ரூபாய். ஆய்வுகூட உபகரணம் இல்லை என்பதற்காக ஒரு பாடசாலையில் இந்தப் பாடம் வெண்பலகையோடு நின்றுபோக வேண்டியதில்லை.

முதலில் ஏற்றத்தை அளக்கும் வேலை. இரண்டு பலூன்களையும் 20 சென்ரிமீற்றர் விட்டம் வரும்வரை ஊதி, பலூனின் மையத்திலிருந்து முடிச்சு வரை 1 மீற்றர் வருமாறு நூலை வெட்டி, முகட்டில் ஒரே ஆணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரித் தேய்த்தால் அவை ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும். ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மையத்துக்கு மையம் அளந்தால் 29 சென்ரிமீற்றர் என்று வைப்போம். நூலின் சாய்வையும் 3 கிராம் நிறையையும் கொண்டு விசை 0.0043 நியூற்றன் என்று வரும். அரைக் கிராமுக்கும் குறைந்த ஒரு பொருளின் நிறைதான் அது. கூலோம் 1785இல் முறுக்குத் தராசால் நிறுவிய விதியில் இந்த விசையையும் இடைத்தூரத்தையும் போட்டால், பலூன் ஒன்றுக்கு 0.2 மைக்ரோகூலோம் கிடைக்கிறது. ஓர் அடிமட்டமும் ஒரு தராசும் போதும், இலத்திரன்களை எண்ணிவிடலாம்.

அந்தப் பலூனின் மேற்பரப்பு மின்னழுத்தம் 18,000 வோல்ற்று. வீட்டுச் சுவர்ச் சொக்கெற்றில் இருப்பது 230 வோல்ற்று. 18,000 வோல்ற்றைப் பிள்ளைகள் கையில் பிடித்து விளையாடுகிறார்கள் என்றால், சேமித்த சக்தி 0.0018 யூல் மட்டும் என்பதால்தான். ஓர் அலகு மின்சாரம் 36 இலட்சம் யூல். ஆக ஓர் அலகைக் கொண்டு 200 கோடி பலூன்களை ஏற்றலாம். அலகுக்கு 30 ரூபாய் என்று வைத்தால், ஒரு ரூபாய்க்கு ஆறரைக் கோடிப் பலூன்களுக்கு மேல் வரும்.

இதுவரை ஏற்றமுள்ள பொருளுக்கும் ஏற்றமுள்ள பொருளுக்கும் இடையிலான கதை. பாடப்புத்தகம் இதை நன்றாகச் சொல்கிறது. பிள்ளைகள் இடறுவது அடுத்த படியில். தேய்த்த பைப் ஏற்றமே இல்லாத கடதாசித் துண்டை ஏன் இழுக்கிறது? கேட்டால், “கடதாசிக்கு நேர் ஏற்றம் வந்துட்டு சேர்” என்று முன்வாங்கிலிருந்து பதில் வரும். எங்கிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்டால் வகுப்பு அடங்கிவிடும். கடதாசிக்கு எதுவும் வரவில்லை, அதிலிருந்து எதுவும் போகவுமில்லை. அதன் ஐந்தொகை இப்போதும் பூச்சியம்தான். பூச்சிய மீதியுள்ள ஒரு பொருளின்மேல் பூச்சியமல்லாத விசை எப்படித் தாக்குகிறது என்பதை எண் போட்டுக் காட்டாமல் இந்தப் பாடத்தை முடிக்கக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

எண் போடுவோம். பைப்பின் நுனியில் 100 நனோகூலோம் மறை ஏற்றம். அதற்கு எதிரே 1 சென்ரிமீற்றர் நீளமான அலுமினியத் தாள் துண்டு, கிட்ட உள்ள முனை 5 சென்ரிமீற்றர் தூரத்தில். பைப்பின் மறை ஏற்றம் தாளிலுள்ள இலத்திரன்களைத் தூர முனைக்குத் தள்ளுகிறது. கிட்ட முனையில் 1 நனோகூலோம் நேர், தூர முனையில் 1 நனோகூலோம் மறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்ட முனையின் இழுவை ஒரு நியூற்றனின் பத்தாயிரத்தில் 3.6 பங்கு. தூர முனை 6 சென்ரிமீற்றரில் இருப்பதால் அதன் தள்ளுகை 2.5 பங்கு. வரவு 3.6, செலவு 2.5, மிச்சம் 1.1 பங்கு இழுவை. ஏற்றங்கள் சமன், தூரங்கள் சமனில்லை. விசை பிறப்பது அந்த 1 சென்ரிமீற்றர் வித்தியாசத்தில்.

இப்போது பைப்பை இரண்டு மடங்கு தூரத்துக்கு, 10 சென்ரிமீற்றருக்கு நகர்த்துங்கள். கூலோமின் விதியை மட்டும் மனனம் செய்த பிள்ளை, விசை கால்வாசியாகும் என்று எழுதும். ஆனால் பிரிந்திருக்கும் ஏற்றமே புலம் குறைவதால் 0.25 நனோகூலோமாகக் குறைந்துவிடுகிறது. கிட்ட, தூர முனைகளின் விசை வித்தியாசமும் சுருங்குகிறது. திரும்பக் கணக்குப் போட்டால் மிச்சம் 0.039 பங்கு. 1.1இலிருந்து 0.039க்கு, அதாவது 28இல் ஒரு பங்காக விழுந்துவிட்டது. துண்டு இன்னும் சிறிதானால் இந்த வீழ்ச்சி 32இல் ஒன்றை நெருங்கும். தேய்த்த சீப்பைக் கடதாசிக்கு மிகக் கிட்டக் கொண்டுபோகும்வரை ஒன்றும் அசையாமல் இருந்து, திடீரென்று துண்டுகள் பாய்வது இதனால்தான்.

பைப்பில் நேர் ஏற்றம் இருந்தாலும் முடிவு மாறாது. கிட்ட முனையில் மறை வரும், இழுவை இழுவையாகவே இருக்கும். ஆகவே ஒரு பொருள் இழுக்கப்பட்டது என்பதை வைத்து அதில் ஏற்றம் உண்டு என்று சொல்லமுடியாது. தள்ளப்பட்டால் மட்டுமே உறுதி. பரீட்சையில் திரும்பத் திரும்பக் கேட்கக்கூடிய இடம் இது.

உலோகத்தில் இலத்திரன்கள் முனைவிட்டு முனை ஓடுகின்றன. பிளாத்திக்கு, கண்ணாடி, காய்ந்த பலகை போன்ற காவலிகளில் அப்படி ஓட வழியில்லை. ஒவ்வோர் அணுவிலும் இலத்திரன் முகில் கருவைவிட்டுச் சற்று நகர்கிறது, முனைவாக்கம் என்பது அதுதான். எவ்வளவு நகர்கிறது? மீற்றருக்கு 10 இலட்சம் வோல்ற்றுப் புலத்தில், ஐதரசன் அணுவின் முகில் நகரும் தூரம் ஒரு மீற்றரை 10 கோடி கோடியாகப் பிரித்தால் அதில் 0.46 பங்கு. புரோத்தனின் ஆரை அதே அலகில் 0.84. இலத்திரன் முகில் அசைவது ஒரு புரோத்தனின் பாதி ஆரை அளவுதான், அணுவின் ஆரையில் ஓர் இலட்சத்தில் ஒன்றைவிடவும் குறைவு. கோடானுகோடி அணுக்கள் ஒரே திசையில் இப்படி அசைவதால்தான் ஒரு பலூன் சுவரில் தொங்குகிறது. படித்து இத்தனை வருடமான பிறகும் இந்த எண்ணுக்கு முன்னால் நான் சற்று நின்றுவிடுவதுண்டு.

சுவரில் ஒட்டும் பலூனுக்கும் கணக்கு இருக்கிறது. பலூனின் நிறை 0.029 நியூற்றன். 0.2 மைக்ரோகூலோமும் பலூன் முழுவதும் சீராகப் பரவியிருந்தால், மின்னுழைய மாறிலி 4 உள்ள சுவர் அதை 0.0054 நியூற்றன் விசையோடுதான் இழுக்கும். உராய்வு அதைத் தாங்காது, பலூன் வழுக்கி விழும். அதில் பாதி ஏற்றத்தை, 0.1 மைக்ரோகூலோமை, ஒரே பக்கத்தில் 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் தேய்த்து ஏற்றி அந்தப் பக்கத்தைச் சுவரில் வையுங்கள். இழுவை 0.043 நியூற்றன் வரை போகும். பாதி ஏற்றத்தில் எட்டு மடங்கு விசை. பலூன் வளைந்திருப்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும், ஆனாலும் தொங்கும். பிள்ளைகள் பலூனைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துவிட்டு ஒட்டவில்லை என்று விடுவதைக் கண்டிருக்கிறேன். ஒரே இடத்தில் தேய்க்கச் சொன்னால் போதும்.

கடதாசிக்கு வருவோம். போட்டோக்கொப்பித் தாள் கட்டின்மேல் 80 என்று அச்சடித்திருக்கும், சதுர மீற்றருக்கு 80 கிராம் என்பது பொருள். மேசையில் கிடக்கும் அந்தத் தாளைத் தூக்கச் சதுர மீற்றருக்கு 0.78 நியூற்றன் மேல்நோக்கிய இழுவை தேவை. கொஞ்சம் ஈரம் ஏறிய தாள் ஒரு கடத்திபோலவே நடந்துகொள்ளும். அதனால் தேவையான புலம் மீற்றருக்குச் சுமார் 4.2 இலட்சம் வோல்ற்று என்று கணிக்கலாம். 0.015 மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியத் தாள் சதுர மீற்றருக்கு 40 கிராம், அதற்கு 3 இலட்சம் வோல்ற்றுப் போதும். நன்றாகத் தேய்த்த எஸ்லோன் பைப்புக்குக் கிட்ட 10 இலட்சம் கிடைக்கும். இந்தக் கணக்கில் துண்டின் நீள அகலம் வரவேயில்லை என்பதைக் கவனியுங்கள். புலம் பரவும் இடத்துக்குள் அடங்கினால், சிறு துண்டுக்கும் பெரிய துண்டுக்கும் ஒரே புலம்தான் வேண்டும். எழும்புவதும் எழும்பாததும் தாளின் தடிப்பைப் பொறுத்தது. காற்று மீற்றருக்கு 30 இலட்சம் வோல்ற்றில் உடைந்து பொறி பாயும். அந்த எல்லையில் கிடைக்கும் இழுவை சதுர மீற்றருக்கு 40 நியூற்றன். அதாவது சதுர மீற்றருக்கு 4 கிலோவுக்கு மேற்பட்ட எந்தத் தகட்டையும் சாதாரணக் காற்றில் இந்த வழியால் தூக்கவே முடியாது.

இதே அலுமினியத் துண்டை ஒரு தடவை கண்ணாடியின்மேலும் ஒரு தடவை சமையலறை உலோகத் தட்டின்மேலும் வைத்துப் பாருங்கள். தட்டின்மேல் வைத்தது சட்டென்று எழும்பும். கண்ணாடியின்மேல் வைத்தது தயங்கும். மேலே போட்ட கணக்கின் செலவுப் பத்தியைத்தான் தட்டு அழித்துவிட்டது. தள்ளப்பட்ட மறை ஏற்றம் தட்டு வழியே போய்விடுகிறது, துண்டில் நேர் ஏற்றம் மட்டும் மிஞ்சுகிறது. 2.5 பங்கு தள்ளுகை இல்லாமல் 3.6 பங்கும் கைக்கு வருகிறது. எழும்பிய துண்டு பைப்பைத் தொட்டதும் அதன் மறை ஏற்றத்தை வாங்கிக்கொண்டு தெறித்து விழும். தட்டில் பட்டதும் அதைக் கொடுத்துவிட்டு மறுபடி எழும்பும். பைப்புக்கும் தட்டுக்கும் இடையில் நாலைந்து துண்டுகள் சடசடவென்று ஏறி இறங்குவதை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு, புவித்தொடுப்பு என்றால் என்ன என்று பிறகு விளக்க வேண்டியிருக்காது.

குழாய்த் தண்ணீர் சீப்பை நோக்கி வளைவதையும் இங்கே சேர்க்கவேண்டும். நீர் மூலக்கூறு முனைவுள்ளது, அதனால் வளைகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மீற்றருக்கு 10 இலட்சம் வோல்ற்றுப் புலத்தில்கூட அறை வெப்பத்தில் நீர் மூலக்கூறுகள் அடையும் சராசரி ஒழுங்கு 0.05 வீதம்தான். நம் கிணற்று நீரும் குழாய் நீரும் உப்புக் கரைந்த நல்ல கடத்திகள். தாரை குழாயோடு தொடர்ந்திருக்கும்போது, தட்டில் கிடந்த துண்டைப்போலவே, எதிர் ஏற்றம் தூண்டப்பட்டுத் துளிகளோடு வருகிறது. வளைவின் பெரும்பங்கு அதற்கே உரியது.

இந்த இயலில் இலங்கைக்கும் ஒரு பக்கம் உண்டு. 1700களின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இத்தீவிலிருந்து கொண்டுபோன டூர்மலின் கற்கள், தணலில் போட்டுச் சூடாக்கியதும் சாம்பலை இழுத்தும் தள்ளியும் விளையாடின. 1717இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் லெமரி என்ற விஞ்ஞானி இந்தக் கல்லைப் பற்றி அறிவித்தார். 1756இல் ஏப்பினஸ் என்ற விஞ்ஞானி அது மின்னின் வேலை என்றும், கல்லின் இரு முனைகளும் எதிரெதிர் ஏற்றம் பெறுகின்றன என்றும் காட்டினார். தேய்க்காமல், தொடாமல், வெறும் வெப்பத்தால் முனைவாக்கம் மாறும் கல் அது. இன்றைய அளவீட்டின்படி 1 பாகை சூடேறினால் அதன் முகத்தில் சதுர மீற்றருக்கு 4 மைக்ரோகூலோம் வெளிப்படும். 1 சதுர சென்ரிமீற்றர் முகமுள்ள கல்லை 10 பாகை சூடாக்கினால் 4 நனோகூலோம், 2,500 கோடி இலத்திரனின் ஏற்றம். சாம்பலை இழுக்க அது தாராளம்.

இலண்டனில் பாடசாலை ஆசிரியராக இருந்த ஜோன் கன்ரன் 1759இல் செய்த சோதனை எனக்கு மிகப் பிடித்தது. அவர் கல்லை ஒரு தகரப் பாத்திரத்துக் கொதிநீரில் இட்டு, பாத்திரத்தோடு இலேசான நெட்டிப் பந்துகளைத் தொடுத்துப் பார்த்தார். பந்துகள் அசையவில்லை. ஒரு முனையில் தோன்றிய நேரும் மறுமுனையில் தோன்றிய மறையும் சரிக்குச் சரி. தொடாமலே ஏற்றம் பிரியும் தூண்டலை 1753இல் உலோகக் குழாயில் கண்டறிந்தவரும் இவரே.

எங்கள் பக்கத்தில் இந்தச் சோதனைகளுக்குக் காலம் பார்க்கவேண்டும். ஜூன் தொடங்கி ஓகஸ்ட் வரை மேற்கே மலைகளைத் தாண்டி வரும் கச்சான் காற்று சூடாகவும் உலர்ந்தும் வீசும். அப்போது பலூன் ஏற்றத்தை நெடுநேரம் வைத்திருக்கும். மாரியில் கடற்காற்றின் ஈரமும் உப்பும் எல்லாவற்றின் மேலும் மெல்லிய படலமாகப் படிந்து ஏற்றத்தை வழியவிடும். சாரீரப்பதன் 40 வீதத்துக்குக் கீழே இறங்கினால் எல்லாம் ஒட்டும், 65ஐத் தாண்டினால் பலூன் சோர்ந்துவிடும். நியம நிலையில் பருத்தி தன் நிறையில் 8.5 வீதம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், பொலியெஸ்டர் 0.4 வீதம் மட்டும். கச்சான் காலத்தில் பொலியெஸ்டர் அபாயா நடக்க நடக்கக் காலோடு ஒட்டிச் சடசடப்பதும், மருதமுனைக் கைத்தறிப் பருத்திச் சாரன் அப்படி ஒட்டாததும் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. அபாயாவை உடுக்கமுன் உள்பக்கம் ஈரக் கையால் ஒரு தடவை தடவிவிட்டால் போதும்.

இடி முழங்கும் ஒக்டோபர் மாலைகளில் அளவுகள் வேறு. மேகத்தின் அடிப்பகுதியிலுள்ள மறை ஏற்றம் மீற்றருக்கு 10,000 வோல்ற்றுப் புலத்தைத் தரையில் உண்டாக்கினால், அறுகம்குடாவின் ஒரு சதுர கிலோமீற்றர் மணலில் 0.09 கூலோம் நேர் ஏற்றம் தூண்டப்படும். எல்லாப் பலூன்களும் தோற்றுப்போகும் தொகை. குறைந்தபட்சம் அந்த நேரத்தில் கடற்கரையில் உயர்ந்து நிற்கும் ஒரே பொருளாக யாரும் இருக்கவேண்டாம்.

அதைவிட அடிக்கடி நேரக்கூடிய ஆபத்து பெற்றோல் நிலையத்தில். மனித உடம்பு தரையோடு 100 பைக்கோபரட் கொள்ளளவுள்ள ஒரு கொள்ளளவிபோல இருக்கும். உலர்ந்த நாளில் றெக்சின் ஆசனத்திலிருந்து பொலியெஸ்டர் உடுப்போடு இறங்கினால் சில ஆயிரம் வோல்ற்று இலேசாக ஏறிவிடும். பெற்றோல் ஆவியைப் பற்றவைக்கக் கால் மில்லியூல் போதும், அதற்கு 2,240 வோல்ற்றே போதுமானது. விரலில் சுருக்கென்று உணர்வதற்கு ஏறக்குறைய 3,000 வோல்ற்று வேண்டும், அதில் 0.45 மில்லியூல் இருக்கிறது. ஆக, நம் விரலுக்குத் தெரியாத பொறியே தீ மூட்டப் போதும். கேனில் பெற்றோல் வாங்குபவர்கள் கேனை மோட்டார் சைக்கிள் ஆசனத்திலோ மடியிலோ வைக்காமல் தரையில் வைக்கவேண்டும். மூடியைத் திறக்கமுன், கேனுக்குத் தள்ளி நின்று ஓர் உலோகத் தூணையோ இரும்புக் கம்பியையோ தொடவேண்டும். நிரப்பி முடியும்வரை குழாயின் மூக்கு கேனின் வாயைத் தொட்டபடி இருக்கவேண்டும்.